நொதியம் அறியும் வலமும் இடமும்

மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் சங்கு குளிப்போர் எடுத்துவரும் சங்குகளிற் பெரும்பாலானவை இடம்புரிச் சங்குகளே. வலம்புரி கிடைப்பது மிக அரிது. அவ்வரிய சங்கினையும் அதே பருமனுள்ள இடம்புரி ஒன்றினையும் அருகருகே வைத்து நோக்குங்கள். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, சுற்றுக்களின் தொகையும் ஒன்று. திருகிச் செல்லும் திசை மாத்திரமே வேறு. இடம்புரியை எப்பக்கம் திருப்பினாலும், தலைகீழாகக் கவிழ்த்தாலும், அது வலம்புரியாக மாறுவதில்லை. ஆயினும் அதனைக் கண்ணாடியின் முன்னே பிடித்தால், கண்ணாடியுள்ளே தோன்றுவது வலம்புரியே.

வலமென்றும் இடமென்றும் நாம் சொல்வது, பொருளை எவ்வாறு பிடித்து நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. எம்மவர் வலம்புரி எனப் போற்றும் சங்கினை விலங்கியலார் இடஞ்சுழி என்று எழுதுவர். அவர்கள் சங்கின் சுருள்முனையை மேலே வைத்து நோக்குவதே அதற்குக் காரணம். பெயர் மாறலாம்; ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆடி விம்பம் என்னும் உண்மை மாறாது.

சங்கிலே காணும் இவ்வேறுபாடு, கண்ணாற் காணவொண்ணாத மூலக்கூறுகளிலும் உண்டு. ஒரே வகை அணுக்கள், ஒரே தொகையாக, ஒரே ஒழுங்கில் இணைந்து, ஒன்று மற்றதன் ஆடி விம்பமாக அமைந்த மூலக்கூற்றுச் சோடிகள் பல. எமது உடலில் இரசாயனத் தாக்கங்களை நடத்தும் நொதியங்கள் அச்சோடியில் ஒன்றை ஏற்று மற்றதை விலக்குகின்றன. நொதியத்துக்குக் கண்ணில்லை, மதியில்லை. அவ்வாறாயின் வலமிது, இடமிது என்று அது எங்ஙனம் அறிகிறது? இவ்வாரம் இவ்வினாவையே எடுத்துக்கொள்வோம்.

இக்கதையின் தொடக்கம் எமது அடுக்களையில் உள்ள ஒரு பொருளோடு தொடர்புடையது. பழப்புளிக்குப் புளிப்பைத் தருவது தாத்தாரிக்கமிலம். திராட்சை இரசம் மதுவாகும் பீப்பாய்களிற் படியும் வண்டலிலிருந்தும் இவ்வமிலத்தை எடுப்பர். ஒளியலைகள் ஒரே தளத்தில் மாத்திரம் அதிருமாறு வடிகட்டப்பட்ட ஒளியை இவ்வமிலத்தின் கரைசலூடாகச் செலுத்தினால், அத்தளம் வலப்புறமாகத் திரும்பும். சில சேதனப் பொருட்களுக்கு இவ்வாற்றல் உண்டென்பதை 1815ஆம் ஆண்டில் பியோ என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். ஆனால் தாத்தாரிக்கமிலத்தின் அதே அமைப்பை உடையது எனக் கருதப்பட்ட மற்றோர் அமிலம் ஒளியை எப்பக்கமும் திருப்பவில்லை. அதற்குப் பராதாத்தாரிக்கமிலம் என்று பெயர். அமைப்பு ஒன்றாயின் இயல்பு வேறானது ஏன்?

1848ஆம் ஆண்டு பாரிசில், இருபத்தைந்து வயதினரான லூயி பாஸ்டர் இப்புதிரை அவிழ்த்தார். அவ்வமிலத்தின் சோடியம் அமோனியம் உப்பைக் கரைசலிலிருந்து மெல்லப் பளிங்காக வளரவிட்டு, அப்பளிங்குகளை உற்று நோக்கினார். ஒவ்வொரு பளிங்கின் ஓரத்திலும் ஒரு சிறு சாய்முகம் இருந்தது. சிலவற்றில் அது வலப்பக்கம் அமைந்திருந்தது. ஏனையவற்றில் இடப்பக்கம் அமைந்திருந்தது. அவர் நெல்லிற் கல் பொறுக்குவார்போல் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாக்கினார். இரு குவியல்களையும் தனித்தனியே நீரிற் கரைத்தபோது, ஒன்று ஒளியை வலப்புறம் திருப்பிற்று. மற்றது அதே அளவு இடப்புறம் திருப்பிற்று. சம அளவாகக் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று சமப்படுத்தின. பராதாத்தாரிக்கமிலம் என்பது தனியொரு பொருளன்று. ஆடி விம்பங்கள் இரண்டின் சரிபாதிக் கலவையே அது.

முதியவரான பியோ இதனை எளிதில் நம்பவில்லை. தாம் கொடுத்த அமிலத்தைக் கொண்டு, தம் கண் முன்னிலையிலேயே பரிசோதனையை மீண்டும் செய்யுமாறு பணித்தார். பளிங்குகளைப் பாஸ்டர் பிரித்து வைத்தபின், கரைசல்களைத் தாமே ஆக்கிச் சோதித்தார். பாஸ்டரின் கூற்று மெய்யென்று கண்ட பின்னரே அம்முதியவர் உள்ளம் நெகிழ்ந்து அவரைப் பாராட்டினார். இவ்வுப்பு ஏறத்தாழ 27 பாகை வெப்பநிலைக்குக் கீழேதான் இரு வகைப் பளிங்குகளாகப் பிரியும் என்பது பின்னர் அறியப்பட்டது. பாரிசின் குளிர்ச்சி பாஸ்டருக்குத் துணைசெய்தது எனலாம். எமது யாழ்ப்பாணத்து நண்பகல் வெப்பத்திலே அவர் இதனைச் செய்திருந்தால், பிரிக்கக்கூடிய பளிங்குகளையே கண்டிருக்கமாட்டார்.

பளிங்கைப் பிரித்தவர் மனிதர். அடுத்த முறை பிரித்ததோ ஒரு பூஞ்சணம். 1860ஆம் ஆண்டில் பாஸ்டர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இக்கலவையைக் கொண்ட கரைசலிலே ஒரு வகைப் பெனிசிலியப் பூஞ்சணத்தை வளர்த்த செய்தி காணப்படுகின்றது. தொடக்கத்தில் ஒளியைத் திருப்பாத கரைசல், பூஞ்சணம் வளர வளர இடப்புறம் திருப்பத் தொடங்கிற்று. கலவையிலிருந்த வலப்புறம் திருப்பும் அமிலத்தைப் பூஞ்சணம் உண்டு, மற்றதை எஞ்சவிட்டதே அதற்குக் காரணம். நுணுக்குக்காட்டியும் குறடும் கொண்டு அறிஞர் ஒருவர் வருந்திச் செய்த வேலையைப் பாணிலும் பழத்திலும் படர்வதையொத்த ஓர் எளிய உயிர் தன் உணவு வேளையிலே செய்து முடித்தது. இவ்வேலையைச் செய்யும் கருவிகள் உயிரின் உள்ளேயிருக்கும் நொதியங்களே. மதுவத்தின் உயிர்க்கலங்களை அரைத்துப் பிழிந்தெடுத்த சாறும் வெல்லத்தை நொதிக்கச் செய்யும் என 1897ஆம் ஆண்டில் எடுவார்ட் புக்னர் காட்டினார். உயிர்க்கலம் உடைந்த பின்னரும் நொதியங்கள் தொழிற்படும் என்பது அதனாற் புலனாயிற்று.

இனி, மூலக்கூறு ஒன்று வலமிடம் பெறுவது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். 1874ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான வான்ட் ஹோவ், பிரெஞ்சுக்காரரான லெ பெல் ஆகிய இருவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். காபன் அணு தன் நான்கு பிணைப்புக்களையும் தட்டையாக விரிப்பதில்லை. நான்முகியொன்றின் மூலைகளை நோக்கி நாற்றிசையும் நீட்டுகிறது. அந்நான்கிலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்தால், அவற்றை அமைக்க இரு வழிகளே உண்டு. ஒன்று மற்றதன் ஆடி விம்பமாகும்.

மாணவர் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். களிமண் உருண்டை இரண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு ஈர்க்குகளைக் குத்துங்கள். மூன்று ஈர்க்குகள் முக்காலியின் கால்கள்போல் நிற்கட்டும். நான்காவது மேல்நோக்கி நிற்கட்டும். மேலேயுள்ள ஈர்க்கின் நுனியிற் கடலை ஒன்றைச் செருகுங்கள். கால்களின் நுனிகளிலே புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, மஞ்சாடி ஆகியவற்றை ஒட்டுங்கள். மேலிருந்து நோக்கும்போது முதலாம் உருவில் இவை இம்முறையே வலஞ்சுழியாக வரட்டும். இரண்டாவதில் இடஞ்சுழியாக வரட்டும். இப்பொழுது முதலாம் உருவைக் கடதாசியில் நிறுத்தி, எந்தக் கொட்டை எங்கே தொடுகிறதோ அங்கே அதன் பெயரை எழுதுங்கள். பின்பு அதே மூன்று குறிகளில் இரண்டாம் உருவைப் பொருத்த முயலுங்கள். ஒரு கொட்டை சரியான இடத்தில் அமைந்தால் ஏனைய இரண்டும் இடம் மாறி நிற்கும். எவ்வளவு சுழற்றினாலும் மூன்றும் ஒருங்கே பொருந்தா.

அக்கடதாசியே நொதியம்; அம்மூன்று குறிகளே நொதியத்தின் தொழிற்படு தானம். நொதியம் என்பது புரதம். அதன் நீண்ட சங்கிலி மடிந்து சுருண்டு ஒரு குழிவை உண்டாக்குகிறது. அக்குழிவின் ஓரிடத்தில் ஏற்றமுடைய கூட்டம் ஒன்று இருக்கும். மற்றோரிடத்தில் நீரை வெறுக்கும் பகுதி இருக்கும். வேறோரிடத்தில் ஐதரசன் பிணைப்புக்கு ஏற்ற அணு இருக்கும். வந்து சேரும் மூலக்கூறு இவை யாவற்றையும் உரிய இடத்தில் தொட்டாலன்றித் தாக்கம் செவ்வனே நிகழாது. ஆடி விம்ப மூலக்கூறு சிலவேளை குழிவினுள்ளே புகவும் கூடும். ஆயினும் வெட்டப்படவேண்டிய பிணைப்பு வெட்டும் கூட்டத்துக்கு எதிரே அமையாது வேறு திசையை நோக்கி நிற்கும். ஆகவே அது புகுந்தவாறே வெளியேறும்.

பூட்டும் திறப்பும்போல் நொதியமும் அதன் பொருளும் பொருந்தவேண்டும் என்று ஜெர்மன் அறிஞர் எமில் பிசர் 1894ஆம் ஆண்டிலேயே கூறினார். வெல்ல வகைகளைத் தம் ஆய்வுகூடத்தில் ஆக்கி, மதுவம் எவற்றை நொதிக்கச் செய்கிறது, எவற்றைத் தீண்டாது விடுகிறது என்று ஆராய்ந்ததன் பயன் அக்கருத்து. இயற்கைக் குளுக்கோசை மதுவம் உண்ணும்; அதன் ஆடி விம்பத்தை உண்பதில்லை. மூன்று இடங்களிற் பொருந்துதல் என்னும் விளக்கத்தை 1933ஆம் ஆண்டில் ஈசன், ஸ்டெட்மன் என்போர் மருந்துகளைப் பற்றியும், 1948ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த ஒக்ஸ்டன் நொதியங்களைப் பற்றியும் எடுத்துரைத்தனர். எல்லா நொதியங்களையும் இம்மூன்று புள்ளிகளுள் அடக்கிவிட இயலாது என்பதும், சிலவற்றுக்கு நான்காம் இடமொன்றும் வேண்டும் என்பதும் பிற்கால ஆராய்ச்சியிற் புலப்பட்டன. ஆயினும் அடிப்படைக் கருத்து நிலைத்து நிற்கிறது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருளிலே செருப்பை மாற்றி அணிந்தால் கால் உடனே அறிந்துவிடும். அதே செருப்பினுள் ஒரு கோலைச் செருகினாற் கோலுக்கு வேற்றுமை தெரியாது. காலுக்கு வலமிடம் உண்டு, கோலுக்கு இல்லை. வலமிடம் உடைய பொருளே வலமிடம் அறியும். ஆடி விம்பச் சோடியின் உருகுநிலை ஒன்று, அடர்த்தி ஒன்று, நீரிற் கரையும் அளவும் ஒன்று. அவற்றை அளக்கும் வழிகளுக்கு வலமிடம் இல்லாமையே காரணம். சோதனைக் குழாயிலே வலமிடமற்ற பொருட்களைக் கொண்டு இத்தகைய மூலக்கூறு ஒன்றை ஆக்கினால் இரு வகையும் சரிபாதியாக வருவதும் அதனாலேயே.

நொதியமோ கோலன்று, காலாகும். புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களில் கிளைசீன் ஒன்றுக்கு வலமிடம் இல்லை. ஏனைய பத்தொன்பதும், இரசாயனவியலார் வழக்கில், இடக்கை வகையின. இடக்கைக் கற்களாலேயே கட்டிய மண்டபம்போல, நொதியத்தின் குழிவும் ஒரு பக்கச் சாயலுடையதாகிறது. இக்காரணத்தாலேயே எமது தசையிலுள்ள நொதியம், வலமிடமற்ற தட்டையான பைருவிக்கமிலத்தின் ஒரு முகத்தில் மாத்திரம் ஐதரசனைச் சேர்த்து, ஒரே வகையான இலத்திக்கமிலத்தை ஆக்குகிறது. தயிரை உறையச் செய்யும் பற்றீரியாக்களில் ஒரு வகை, தன் நொதியத்தால் மறு முகத்திற் சேர்த்து, அதன் ஆடி விம்பத்தை ஆக்குகிறது.

இவ்விளக்கம் மெய்யாயின், நொதியத்தையே ஆடி விம்பமாக்கினால் அது ஆடி விம்பப் பொருளை ஏற்கவேண்டும் அன்றோ? 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் கென்ற் என்பாரும் அவர்தம் குழுவினரும் இதனைச் செய்து காட்டினர். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான வைரசின் நொதியம் ஒன்றை முழுவதும் வலக்கை அமினோ அமிலங்களைக் கொண்டே கட்டினர். இயற்கை நொதியம் இயற்கைப் பொருளை மாத்திரம் வெட்டிற்று; ஆடி நொதியம் ஆடிப் பொருளை மாத்திரம் வெட்டிற்று. வலமிடமற்ற சாயப்பொருள் ஒன்றோ இரு நொதியங்களையும் ஒருங்கே தடுத்தது. நொதியத்தின் அறிவு அதன் வடிவமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவையெல்லாம் ஆய்வுகூடத்தார்க்கு மாத்திரம் உரிய செய்திகள் என எண்ணவேண்டாம். பாக்கின்சன் நோயுற்றோர்க்குக் கைகால் நடுங்கும்; உடல் இறுகும். மூளையில் டோப்பமீன் என்னும் பொருள் குறைவதே காரணம். டோப்பாவை மருந்தாகக் கொடுத்தால் மூளையிலுள்ள நொதியம் அதனை டோப்பமீனாக மாற்றும். ஆனால் இடக்கை டோப்பாவையே மாற்றும். 1967ஆம் ஆண்டில் கொற்சியாஸ் என்னும் வைத்தியர் இரு வகையும் கலந்த மருந்தைப் பேரளவிற் கொடுத்தபோது நோயாளர் பலர் நலம் பெற்றனர். எனினும் சிலரின் இரத்தத்திலே தீய மாற்றங்கள் தோன்றின. பின்னர் இடக்கை வகையைத் தனியே கொடுத்ததால் மருந்தின் அளவு குறைந்தது, அத்தீங்கும் நீங்கிற்று. எம்மவர் மருத்துவத்திற் பயிலும் பூனைக்காலி விதையில் இடக்கை டோப்பா இயற்கையாகவே உண்டு. செடியின் நொதியங்கள் அதனை ஒரே வகையாக ஆக்கிவைக்கின்றன. அதனால், வைத்தியரைக் கேளாது விதையை உண்பது நன்றன்று. தொழிற்சாலையில் இம்மருந்தை ஒரே வகையாக ஆக்குதற்கு, வலமிடம் உடைய ஊக்கி ஒன்றை அமைத்த வில்லியம் நோல்ஸ் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

தலிடோமைட் என்னும் மருந்தின் துயரக் கதையையும் இங்கே நினைத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961ஆம் ஆண்டில் அங்கு நிறுத்தப்பட்ட அம்மருந்தினால், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பல நாடுகளிலும் கைகால் குறைந்து பிறந்தனர். அம்மருந்தும் ஆடி விம்பக் கலவையே. ஒரு வகையைத் தனியே பிரித்துக் கொடுத்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது எனச் சிலர் எழுதுவர். அது சரியன்று. உடலினுள்ளே ஒரு வகை மற்ற வகையாகத் தானே மாறிவிடும். ஆகவே மருந்தைப் பிரிப்பது மாத்திரம் போதாது. பிரித்தது உடலினுள் என்னாகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், ஆடி விம்பச் சோடியின் ஒவ்வொன்றையும் பற்றி மருந்தாக்குவோர் அறிந்திருத்தல் வேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டனர்.

வலக்கை அமினோ அமிலங்கள் உயிருலகில் அறவே இல்லை என்றும் எண்ணலாகாது. பற்றீரியாக்கள் தம் புறச்சுவரைக் கட்டும்போது வலக்கை அலனீன் இரண்டை அடுத்தடுத்து வைக்கின்றன. பெனிசிலின் மருந்து அவ்விணையின் உருவை ஒத்தது. சுவர் கட்டும் நொதியம் அதனை அலனீன் என ஏற்று, விடுபட மாட்டாது முடங்கிப்போகும் என 1965ஆம் ஆண்டில் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்போர் விளக்கினர். எமது சிறுநீரகத்திலோ, வலக்கை அமினோ அமிலங்களை மாத்திரம் தேர்ந்து ஒட்சியேற்றும் நொதியம் ஒன்று உண்டு. இதனை ஹான்ஸ் கிரெப்ஸ் 1935ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். அங்கும் தேர்வு உண்டு. தேரும் பக்கந்தான் வேறு.

இவ்வறிவு இன்று ஓர் எச்சரிக்கையையும் தந்துள்ளது. வலக்கைப் புரதங்களாலான ஆடிப் பற்றீரியா ஒன்றை எதிர்காலத்தில் ஆக்கிவிட இயலுமோ என்னும் வினா எழுந்தது. அத்தகைய உயிர் இன்னும் ஆக்கப்படவில்லை. எனினும் 2024ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் முப்பத்தெட்டு விஞ்ஞானிகள் ஒன்றுகூடி, அதனை ஆக்க முயலவேண்டாம் என எழுதினர். எமது உடலின் காவற் புரதங்களும் செரிமான நொதியங்களும் அவ்வுயிரைப் பற்றிப் பிடிக்க மாட்டா. அதனை உண்டு அழிக்கும் வைரசுகளும் பெரும்பாலும் அதனைத் தீண்டமாட்டா என்பதே அவர்களின் அச்சம். நொதியத்தின் நுண்மையான தேர்வு நமக்கு வாழ்வு தருகிறது. தன் குழிவிற் பொருந்தாததை அது அறியமாட்டாமையோ நமக்குக் கேடாகவும் முடியலாம்.

ஆதலால், நொதியத்தின் அறிவைப் பற்றிப் பேசும்போது அதன் எல்லையையும் சேர்த்தே உணர்தல் நன்று. தன்னோடு பொருந்துவதை அது தவறாது அறியும். பொருந்தாததை எதிர்த்து நிற்க அதற்குத் தெரியாது. அவ்வெல்லைக்கு அப்பால் நின்று ஆராய்ந்து, ஆக்கத்தக்கது இது, ஆக்கத்தகாதது இது என்று துணியவேண்டிய பொறுப்பு மனிதருடையது. இன்று இரசாயனவியல் கற்கும் எமது மாணவருள்ளும் நாளை அப்பொறுப்பை ஏற்போர் இருப்பர். அவர்கள் களிமண்ணையும் ஈர்க்கையும் எடுத்து இப்பொழுதே தொடங்கலாம்.